லாவண்யாவின் தாமரைத் தொட்டி

முந்தின நாள் மாலைவரை நிமிர்ந்து நின்ற மொட்டு, கழுத்து முறிந்து தண்ணீரில் கிடந்தது.

அன்று சனிக்கிழமை. பாராயண கோஷ்டிக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. துளசி பறிக்கக் கொல்லைக்குப் போன நான் தொட்டி அருகே நின்றுவிட்டேன். மொட்டைத் தூக்கிப் பார்த்தேன். தண்டு அழுகின வாழைப்பழம் மாதிரி விரலுக்குள் நசுங்கியது. இலை ஓரமெல்லாம் டிகாக்ஷன் நிறம். கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

“லாவண்யா!” என்று கத்தினேன்.

என் மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வங்கி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள். கத்தல் கேட்டு என் மனைவி கோதை அடுப்படியிலிருந்து வந்தாள். ரங்காச்சாரியும் சம்பத்தும் கூடத்திலிருந்து எழுந்து வந்து கொல்லை வாசலில் நின்றார்கள்.

“நீ தூரம்தானே இப்போ?” என்று கேட்டேன். எங்கள் வீட்டு வழக்கப்படி மாதத்தில் அந்த நாட்களில் பெண்கள் பெருமாள் சன்னிதிக்கும் அடுப்படிக்கும் வரக்கூடாது. அவள் மாடியிலேயே இருப்பாள். அதை ஒருபோதும் அவள் மீறியதில்லை.

இரண்டு வெளி ஆண்களுக்கு முன்னால் அந்தக் கேள்வி. அவள் முகம் சிவந்தது. “ஆமா மாமா.”

“தொட்டிகிட்ட வந்தியா?”

“வந்தேன். மீனுக்கு யாரு தீனி போடறது?”

“பாத்தீரா?” என்றேன், ரங்காச்சாரியைப் பார்த்து. குற்றவாளியிடம் பேசாமல் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது எங்கள் ஆட்களின் தண்டனை முறை.

“தாமரைன்னா தாயார் வாசம் பண்ற இடம் ஓய். தீட்டு பட்டா தாங்குமா?” என்றார் அவர்.

லாவண்யா பதில் சொன்னாள். “எங்க ஊரு ஏரியில பூ பறிக்கிறது பூரா பொம்பளைங்கதான். எறங்கும்போது எந்த நாளுன்னு யாரும் கேட்டுக்கினு இருக்கறதில்ல. அங்க ஏரி பூரா பூத்துக்கினுதான் கீது.”

“பூத்துக்கினு,” என்று நான் அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னேன்.

சம்பத் சிரித்தார். ரங்காச்சாரியும் சிரித்தார். அவள் திரும்பி மாடிப்படி ஏறினாள்.

அந்த மாதமே என் மகன் முகுந்தனும் அவளும் புத்தூரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வங்கி பக்கம் என்று காரணம் சொன்னார்கள். நானும் எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில், கல்லூரி விடுதியில் மாணவர்கள் பக்கம் நின்று நான் சண்டை போட்டதை எழுதியிருந்தேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் இந்த வாரத்தையும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏரிச் சேறு

லாவண்யா நாராயணவனத்துப் பக்கத்துக் கிராமத்தவள். தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்யும் தமிழ்க் குடும்பம். முகுந்தன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று சொன்னபோது நான் எதிர்க்கவில்லை. எதிர்ப்பது படிக்காதவர்கள் வேலை. படித்தவர்கள் சம்மதித்துவிடுவார்கள். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பார்கள்.

அவள் சமையலில் பூண்டு இல்லையா என்று மோந்து பார்ப்பேன். அவள் தன் அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிடும்போது கோதையைப் பார்ப்பேன். ‘சாப்பிடு’ என்பதற்குத் ‘துன்னு’ என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதை ஒரு வருஷம் என் உறவுக்காரர்களுக்குச் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

திருப்பதியில் திருச்சானூர் சாலையில் நாங்கள் வீடு கட்டிய காலத்தில் தண்ணீர்க் கஷ்டத்துக்காகக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினோம். கஷ்டம் தீர்ந்ததும் அதில் உடைந்த வாளிகளைப் போட்டுவைத்தோம். லாவண்யா வாளிகளை எடுத்துப் போட்டுவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். அவள் அப்பா ஈரச் சாக்கில் தாமரைக் கிழங்கும், கோணிப்பையில் ஏரிக் களிமண்ணும் கொண்டுவந்தார்.

“திருப்பதியில எல்லாரும் லட்டு வாங்கிண்டு போவா. நம்மாத்துக்கு ஊர்லேர்ந்து சேறு வரது,” என்று கோதையிடம் சொன்னேன், அவர் காதில் விழுகிற மாதிரி. அவர் சிரித்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டார்.

அவள் மண்ணைப் பிசைந்து அகலமான பாத்திரத்தில் பரப்பி, கிழங்கைப் படுக்கவைத்து, முளை மட்டும் வெளியே தெரிய மண்ணை மூடினாள். அது மிதந்துவிடாமல் ஒரு கூழாங்கல். பாத்திரம் தொட்டிக்குள் இறங்கியது. பிறகு தண்ணீர். முதலில் ரூபாய்க் காசு அளவில் இலைகள் வந்து மிதந்தன. வாரக்கணக்கில் அவ்வளவுதான். ஒரு காலையில் ஒரு இலை தண்ணீரைவிட்டு எழுந்து நின்றது.

“நைனா! ஒண்ணு நிமிந்துகிச்சி!” என்று போனில் கூவினாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் எங்கள் விதி. தொட்டி மட்டும் அவளுடையது.

மொட்டு வந்தபோது கோதையிடம் சொன்னாள்: “மொத பூவ திருச்சானூர் தாயாருக்கு எடுத்துகினு போலாம் அத்தை. நாம ரெண்டு பேரும் போலாம்.”

நாம ரெண்டு பேரும். அந்தக் கணக்கில் நான் இல்லை.

காலை வணக்கத் தாமரைகள்

இங்கே ஒரு கிளைக்கதை. அந்தச் சமயத்தில் நான் ரகசியமாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். தொட்டியில் தாமரை வளர்ப்போர் குழு. மருமகளைக் கேட்டால் தெரிந்துவிடும் விஷயத்தை ஊர் பேர் தெரியாதவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு கௌரவம்.

அந்த மாதிரிக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எல்லாம் ஓய்வுபெற்ற ஆசாமிகள். வேலையில் இருந்த காலத்தில் ஒரு செடிக்குத் தண்ணீர் விட்டிருக்கமாட்டார்கள். விடிந்தால் ஆளுக்கொரு தாமரைப் படம், அதன்மேல் மினுமினுக்கும் எழுத்தில் காலை வணக்கம். பாதிப் படங்கள் வேறு யாருடைய தொட்டியோ. ஒருவர் தாமரைக்குத் தினமும் வீணை கேட்கவைக்கிறாராம், தண்டு நேராக வளர்கிறதாம். இன்னொருவர் நீலத் தாமரை விதை என்று எதையோ தபாலில் வரவழைத்து, அதற்குப் பெயர்சூட்டு விழா நடத்தி, கடைசியில் ஏதோ அவரை விதை முளைத்தது. அந்தப் படத்தையும் போட்டார். அதற்கும் பலர் கைகூப்பினார்கள்.

நான் அங்கே லாவண்யாவின் மொட்டைப் படமெடுத்துப் போட்டேன். ‘எங்கள் அகத்துத் தாமரை’ என்று எழுதினேன். ஏகப்பட்ட கைகூப்புகள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை.

நான் ஊற்றியது

எங்கள் வீட்டில் சாளக்கிராமம் இருக்கிறது. தினமும் திருமஞ்சனம் உண்டு, அதாவது பெருமாளுக்கு அபிஷேகம். சாதாரண நாளில் தண்ணீரும் கொஞ்சம் பாலும். ஏகாதசி, திருவோணம் என்றால் பால், தயிர், தேன், இளநீர், மஞ்சள் எல்லாம் சேரும். தீர்த்தமாக எடுத்துக்கொண்டது போக மிச்சத்தைக் கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அது நந்தியாவட்டைச் செடியின் அடியில் போய்க்கொண்டிருந்தது.

அந்த இலை நிமிர்ந்த நாளிலிருந்து நான் அதைத் தாமரைத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன்.

தாமரைக்குத்தான் அது தகும் என்று கோதையிடம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. அந்தத் தாமரை அவளுடையதாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெருமாள் தீர்த்தம் விழுந்துவிட்டால் அது பெருமாளுடையது. பெருமாளுடையது என்றால் என்னுடையது. ஏரிச் சேற்றில் வந்த செடியை நான் என் பக்கம் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது என் படிப்பைச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் ரசாயனம் கற்பித்தவன். தேங்கிய தண்ணீரில் பால் கலந்தால் என்ன ஆகும் என்பது என் பாடங்களில் ஒன்று. பாலைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அவையே காலி செய்யும், மீன் மூச்சுக்கு மேலே வரும், வேர் அழுகும். மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துவந்து இதைக் கணக்கெடுத்து, பரீட்சையில் கேள்வியும் கேட்டவன்.

அன்று காலை தொட்டியருகே குனிந்தபோதே அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. கெட்ட வெண்ணெய் வாசனை. அதற்கு ரசாயனத்தில் ஒரு பெயர் உண்டு, ப்யூட்டிரிக் அமிலம். கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட பெயர். மொட்டைத் தூக்கும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் ‘லாவண்யா’ என்று கத்தினேன்.

ஆத்திரத்தில் வாய்தவறியது என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம். கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டு ஏன் செத்தது என்று அவர்கள் கேட்பார்கள். பெருமாள் தீர்த்தத்தால் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பதில் வேண்டியிருந்தது. அவள் மாடியில் இருந்தாள்.

ஒரு மல்லிகைப் பந்தல்

சின்ன வயதில் எங்கள் வீட்டு மல்லிகை ஒரு கோடையில் பட்டுப்போனது. சித்தி அந்த நாட்களில் பந்தலைத் தொட்டுவிட்டாள் என்று அப்பா சொன்னார். அடுப்படியில் சித்தி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: “சித்திரை பூரா ஒரு சொம்பு தண்ணி விட்டவா கிடையாது. நான் தொட்டேனாம்.”

பிற்காலத்தில் எதை எதையோ சோதனைக்குழாயில் போட்டுப் பார்த்தேன். சித்தி சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒரு சொம்பு தண்ணீர் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

முகுந்தனும் லாவண்யாவும் புத்தூருக்குப் போன பிறகு விலங்கியல் துறையிலிருந்த நண்பர் ரெட்டி வீட்டுக்கு வந்தார். கொல்லைக்குப் போனவர் மூக்கைச் சுருக்கினார். “ஏம் சாமி, ஹாஸ்டல்ல பால் கேன் கழுவின தண்ணி மாதிரி கம்பு கொடுதுந்தி, அப்படி நாறுது. இதுல யாரு பால் ஊத்தனாங்க?”

“வெயில் ஜாஸ்தி. அதான்,” என்றேன்.

“வெயிலா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் காபியைக் குடித்துவிட்டு வேறு பேசினார். நண்பர்கள் அப்படித்தான் நம்மைக் கெடுக்கிறார்கள்.

கல்யாண வீட்டுச் சாட்சி

அப்படியே விட்டிருப்பேன். சென்ற தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் ரங்காச்சாரியின் குரல் கேட்டது. எதிரே நாலைந்து இளம்பெண்கள்.

“இந்தக் காலத்துப் பொண்கள் சிரிக்கறேள். நம்ம சார் ஆத்துல கண்ணால பாத்தேன். அந்த மாட்டுப்பெண் பேரு லாவண்யா. தூரத்தோட போய்த் தொட்டியைத் தொட்டா, மறுநாள் தாமரை கறுத்துடுத்து. நான் சொல்லலேம்மா, கெமிஸ்ட்ரி புரொபசர், அவரே சொன்னார்!”

அந்தப் பெண்களில் ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டாள். புரொபசர் என்ற சொல்லுக்கு அத்தனை மரியாதை. என் வகுப்பில் நான் சொன்ன எதையும் ஒருவன் இவ்வளவு ஞாபகமாக இன்னொருவனுக்குச் சொல்லியிருப்பானா என்பது சந்தேகம். நான் சொன்ன பொய் மட்டும் ஊர் ஊராகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது, அவள் பெயரோடு.

சாப்பிடாமல் வெளியே வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

புத்தூரில்

முகுந்தன் கடைக்குப் போயிருந்தான். லாவண்யா அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். “வாங்க மாமா,” என்று எழுந்து மின்விசிறியைப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்காமல் சொன்னேன். பாலைச் சொன்னேன், வாசனையைச் சொன்னேன், தெரிந்தேதான் அவளைக் கூப்பிட்டேன் என்பதையும் சொன்னேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மாதிரியே தடங்கலில்லாமல் வந்தது.

அவள் காயை நிறுத்தவில்லை. “அத்தைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அன்னிக்கி வந்து நின்னாங்களே ரெண்டு பேரு. அவங்களுக்கு?”

“தெரியாது.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு மாமா சொல்றீங்க?” என்றாள். “நான் பண்லன்னு எனக்குத்தான் தெரியுமே. அன்னிக்கே தெரியும். தெரியாதவங்க அங்க கீறாங்க. அவங்கள வுட்டுட்டு எங்கிட்ட வந்து சொல்லிக்கினு இருக்கீங்க.”

மன்னிப்பு வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று போன கிழவன் நான். தண்ணீரைக் குடித்தேன். அவள் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள்.

வீடு திரும்பியதும் கோதையிடம் சொன்னேன். அவள் விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “பால் கெட்ட வாசனை அடுப்படில இருக்கறவளுக்குத் தெரியாதா? நீங்களே சொல்வேள்னு இருந்தேன். நீங்க சொல்லலை. நானும் சொல்லலை.” அப்புறம் சொன்னாள்: “என்னையும் சேத்துக்கோங்கோ.”

அவள் சொன்னபடி இங்கே சேர்த்துவிட்டேன்.

இரண்டு பாட்டில்

கோஷ்டியிடம் வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். இரண்டு ஜாம் பாட்டில்களை எடுத்தேன். இரண்டிலும் குழாய்த் தண்ணீர். ஒன்றில் மட்டும் திருவோணத்துத் திருமஞ்சனத்தில் மிச்சமானதைக் கொஞ்சம் விட்டேன். மூடி, கொல்லை மதில்மேல் வெயிலில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை பாராயணம் முடிந்ததும் தாம்பாளத்தில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.

“என்ன ஓய், புதுசா பிரசாதமா?” என்றார் சம்பத்.

முதல் பாட்டிலைத் திறந்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவதைத் திறந்து ரங்காச்சாரியின் மூக்கருகே நீட்டினேன். அவர் உத்தரீயத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

“கர்மம்! சாக்கடைத் தண்ணியைக் கூடத்துல கொண்டுவரீரே!”

“பெருமாள் தீர்த்தம் ஓய். மூக்கைப் பொத்தப்படாது.”

“அபசாரம்! பெருமாளைச் சோதிக்கறீரா?”

“பெருமாளை இல்லை. பாலை. எங்கேர்ந்து வந்தோம்னு பாலுக்கு ஞாபகம் இருக்காது. வெயில்ல வெச்சா கெடும்.” பிறகு, வகுப்பில் பேசுகிற குரலில், மிச்சத்தையும் சொன்னேன். “அந்த மொட்டு கறுத்தது இதனால. லாவண்யாவால இல்லை. அன்னிக்குக் காலமேயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்க முன்னாடி அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.”

ரங்காச்சாரி எழுந்துவிட்டார். “சரி, இப்போ யார் கேட்டா இதை? முடிஞ்சுபோன கதை.”

“கல்யாணத்துல பொண்களுக்குச் சொல்லிண்டிருந்தீரே, அவாகிட்ட போய்ச் சொல்லும். புரொபசர் சொன்னது பொய்னு, புரொபசரே சொன்னார்னு சொல்லும்.”

“நீர் பாராயணத்தைக் கெடுத்துட்டீர்,” என்று அவர் உத்தரீயத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே படியிறங்கிப் போனார். அடுத்த வாரத்திலிருந்து கோஷ்டி வேறு வீட்டில் கூடுகிறது. இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்கும் போகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சம்பத் மட்டும் உட்கார்ந்திருந்தார். பாட்டிலைத் தானே எடுத்து இன்னொரு தரம் மோந்து பார்த்தார்.

“நிஜமா பால்தானா?”

“பாலும் தயிரும்.”

“எங்காத்துல தொட்டியில இருக்கற ரோஜாவுக்குத்தான் விடறோம். போன மாசம் பட்டுப்போச்சு. நான் மாட்டுப்பெண்ணைத்தான்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பாட்டிலை மூடித் தாம்பாளத்தில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

அன்று மாலை புத்தூருக்குப் போன் செய்தேன். லாவண்யாதான் எடுத்தாள். கோஷ்டியிடம் சொல்லிவிட்டேன் என்றேன். பாட்டில் விஷயத்தையும் சொன்னேன்.

“மோந்து பாத்தாங்களா?”

“பாத்தா. ரங்காச்சாரி மூக்கைப் பொத்திண்டு ஓடியே போய்ட்டார். தெருமுனை வரைக்கும் கையை எடுக்கலை.”

அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பு, மூச்சு வாங்குகிற மாதிரி. எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுவதும் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் அவசரப்பட்டுக் கேட்டேன்:

“நீ எப்போம்மா வரே இங்க?”

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

“அது வேற, மாமா,” என்றாள்.